மைதான ரயிலும் செருப்பு விட்ட இடமும்

1

நான் தினமும் வேலைக்குப் போகிற ரயிலில் கூட்டமே இருக்காது. ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஜங்ஷனில் பெரிய ரயிலை விட்டு இறங்கினால், ஓரமாக ஒரு சின்ன ரயில் தனியாக நிற்கும். அதில் நானும், செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கும் ஒரு பெரியவரும், சில நாள் சைக்கிளோடு ஏறும் ஒரு பெண்ணும் போவோம். அந்த ரயிலுக்கு ஒரே ஒரு நிறுத்தம்தான். விளையாட்டு மைதானத்தின் வாசல். அங்கே இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லம். சமையல்கட்டில் தட்டு அடுக்குகிறேன். ஊரில் பி.காம். படித்தவள் என்பதை இங்கே யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அந்த நிலையத்தைப் பார்த்தால் நீங்கள் பயந்துவிடுவீர்கள். நாலு கல்யாண மண்டபத்தைச் சேர்த்து வைத்த அகலம். இரண்டு தண்டவாளம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் பிளாட்பாரம். தினசரி ரயில் வெளிப்பக்கத்துப் பிளாட்பாரத்தில் வந்து நிற்கும். அதிலேயே இறங்குவோம், சாயங்காலம் அதிலேயே ஏறுவோம். மற்றப் பக்கமெல்லாம் எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை. என் செருப்புச் சத்தம் எனக்கே திரும்பக் கேட்கும் அளவுக்கு அமைதி.

மேட்ச் நாளில்தான் அது முழித்துக்கொள்ளும். நகரத்திலிருந்து நீள ரயில்கள் நேராக மைதானத்துக்கே வரும். இன்ன தேதியில் கூட்டம் இருக்கும் என்று ஜங்ஷனில் முன்கூட்டியே மஞ்சள் பலகை வைத்துவிடுவார்கள். அந்தப் பலகையைக் கண்டதும் தேதியைக் குறித்துக்கொள்வேன். அந்த நாட்களில் நான் ரயிலில் ஏறமாட்டேன். இரண்டு பஸ் மாறி ஊரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவேன்.

“இன்னா தேவி, நீ ரெண்டு பஸ்ஸு மாறிப் போயி சேர்றதுக்குள்ள மேட்சே முடிஞ்சிடும் போலருக்கே” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் எனக்கு அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்பும் மாமாதான், பின்பும் மாமாதான். அவருடைய கேலிக்கெல்லாம் நான் அசருவதில்லை. ஆஸ்திரேலியா வந்து ஏழு வருடத்தில் மேட்ச் நாளன்று அந்த ரயிலில் நான் கால் வைத்ததே இல்லை, இந்தப் பிப்ரவரி மாதம் வரைக்கும்.

2

என் பயம் என்னோடு கூடப் பிறந்ததல்ல. நான் பிறந்தது சிதம்பரத்தில், ரயிலடிப் பக்கம். கூட்டம் எங்களுக்குப் பழக்கம். ஆனியிலும் மார்கழியிலும் தேர் ஓடும்போது நாலு வீதியும் நிறைந்துவிடும். பண்ருட்டியிலிருந்தும் கடலூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் முதல் நாளே வந்து எங்கள் வீட்டில் பாய் விரித்துவிடுவார்கள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கீழவீதியில் தெரிந்த பூக்கடை ஒன்று இருந்தது. எல்லார் செருப்பையும் அங்கே ஒன்றாகக் கழற்றிவிட்டுத்தான் கூட்டத்துக்குள் போவோம். யார் கை யாரை விட்டுப் போனாலும் தேடக்கூடாது, கத்திக்கொண்டு அலையக்கூடாது. நேராகச் செருப்பு விட்ட இடத்துக்கு வந்து நின்றுவிட வேண்டும். எப்படியும் செருப்பை எடுக்க எல்லாரும் அங்கே வந்துதானே ஆக வேண்டும்? ஒரு தடவை என் பெரியம்மா தேரடியில் காணாமல் போய், எங்களுக்கு முன்பே பூக்கடையில் உட்கார்ந்து கதம்பம் கட்டிக்கொண்டிருந்தார். அந்த வழக்கம் எங்களை ஒருநாளும் கைவிட்டதில்லை.

கல்யாணமாகிக் கடலூர் முதுநகருக்குப் போன பிறகும், திருவிழா என்றால் பாசஞ்சர் ஏறிவிடுவேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூட்டம் பிதுங்கி ஏறும். மடியில் என் மகள் மதுமிதா இருப்பாள். சரியாகப் பேச வருவதற்கு முன்பே அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். “கை வுட்டுப்போச்சுன்னா எங்க நிக்கணும்?” என்று கேட்பேன். “செப்பு கிட்ட” என்பாள். பெட்டியே சிரிக்கும்.

2004 டிசம்பரில் அலை வந்தது. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எங்கள் தெரு வரைக்கும் தண்ணீர் வரவில்லை. பக்கத்துக் குப்பங்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் சொல்ல வேண்டிய கதை அது. நான் சொல்ல வந்தது, அதற்குச் சில நாள் கழித்து நடந்ததை.

மதுவுக்குக் காய்ச்சல். அப்போது அவளுக்கு ஐந்து வயது. கடைத்தெருவில் இருந்த டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வாசல் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். திடீரென்று தெருவில் ஒரு கூச்சல்.

“கடல் வருது! ஓடுங்க, ஓடுங்க!”

யார் சொன்னது, எங்கிருந்து வந்தது, ஒன்றும் தெரியாது. உள்ளே இருந்த அத்தனை பேரும் எழுந்து ஓடினோம். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினேன். எல்லாரும் தண்டவாளத்தைப் பார்த்து ஓடினார்கள். அதுதான் மேடு. நடுவில் சைக்கிளோடு ஒருவர் விழுந்தார், அவர்மேல் இருவர் விழுந்தார்கள், என் கையில் குழந்தையின் கை இல்லை.

திரும்ப முடியவில்லை. சத்தியமாக முடியவில்லை. முன்னால் இருந்தவர்கள் இழுத்தார்கள், பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள், என் கால் தரையில் பட்டதா என்றுகூட நினைவில்லை. தண்டவாளத்து மேட்டில் போய் நின்று நான் கத்திய கத்தலில் தொண்டை கிழிந்து, ஒரு வாரம் பேச்சு வரவில்லை. அப்புறம் போலீஸ் ஜீப் மைக்கில் ஒன்றுமில்லை, வதந்தி என்று சொல்லிக்கொண்டு வந்தது. கடைத்தெருவுக்கு ஓடினேன். டாக்டர் வீட்டுப் படியில், சிதறிக் கிடந்த செருப்புகளுக்கு நடுவே, தன்னுடைய ரோஸ் கலர் செருப்பின் பக்கத்தில் மது நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. “நம்ம செருப்பு இங்கதாம்மா இருக்கு” என்றாள்.

கெட்டிக்காரக் குழந்தை என்று எல்லாரும் அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். எனக்கு மட்டும் அன்றிலிருந்து தூக்கம் போனது. ஊரே கடலுக்கு முதுகைக் காட்டி ஓடியபோது, என் குழந்தை ஒருத்திதான் கடல் இருக்கிற பக்கமாகத் திரும்பி நடந்திருக்கிறாள், நான் சொல்லிக்கொடுத்த இடத்தில் நிற்பதற்காக. நிஜமாகவே கடல் வந்திருந்தால்? இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. அந்த வழக்கத்தையும் விடவில்லை. விட்டுவிட்டு அவளுக்கு வேறு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

3

அடுத்த வருடமே இங்கே வந்துவிட்டோம். விசாவுக்காகக் கடலூர் ஸ்டூடியோவில் மதுவுக்கு எடுத்த போட்டோவை இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். முதல் தடவை காது தெரியவில்லையாம். இரண்டாம் தடவை சிரிக்கிறாளாம். சிரிக்காத, காது தெரிகிற குழந்தையைத்தான் இந்த நாடு உள்ளே விட்டது. சிரிக்கிற போட்டோ ஒன்று என் பர்சிலேயே தங்கிவிட்டது.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. என்னை விட உயரம். பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் மேடி. வீட்டில் நான் தமிழில் கேட்டால் பாதித் தமிழில் பதில் வரும். கோபம் வந்தால் அந்தப் பாதியும் போய்விடும்.

இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதும் இருபது ஓவர் ஆட்டம், எங்கள் மைதானத்தில். மாமாவுக்கு ஆபீஸ் குலுக்கலில் இரண்டு டிக்கெட் கிடைத்தது. அப்பாவும் பெண்ணும் போவதாக ஏற்பாடு. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அவருக்கு ஷிப்ட் மாறிவிட்டது.

“நான் தனியா போறேம்மா. ட்ரெயின்ல ஏறுனா ஸ்டேடியம். எங்க கிளாஸ்ல எல்லாரும் போறாங்க” என்றாள் மது.

“தனியாவா? அம்மாம் கூட்டத்துலயா? கால ஒடச்சிடுவேன்.”

“அப்ப நீ வா.”

மாமா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தொலைக்காட்சியைப் பார்த்தார்.

“நீங்க லீவு போட்டா இன்னா மாமா?” என்று கேட்டேன்.

“குடுக்க மாட்டேன்றான் தேவி. போயிட்டு வா. அவளும் இன்னும் எத்தினி நாளைக்கு நம்மளக் கூப்பிடுவா?”

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை அசைத்தது. அவள் என்னை எங்கேயாவது கூப்பிட்டு ஒரு வருடம் இருக்கும். சரி என்றேன்.

ஊருக்குப் போன் போட்டால் மனசு லேசாகும் என்று சிதம்பரத்தில் இருக்கும் என் அண்ணனைக் கூப்பிட்டேன். அவன் தன் பாட்டைத்தான் பாடினான். “புயலுக்கப்பறம் இப்பத்தான் கரண்டு ஒழுங்கா வருது. பண்ருட்டிப் பக்கம் ஒரு பலாமரம் நிக்கில. மச்சான்கிட்டச் சொல்லு” என்றான். மேட்ச் விஷயத்தைச் சொன்னதும், “நீயா? கூட்டத்துலயா?” என்று சிரித்தான். “பொண்ணு கைய வுட்றாத” என்றும் சொன்னான். அதை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

4

பிப்ரவரி இங்கே கோடை. மதியம் ஆட்டம். பொழுது சாய்வதற்கு முன்பே முடிந்துவிடும் என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். கிளம்பும்போது மது அறையிலிருந்து மஞ்சள் சட்டையில் வந்தாள். ஆஸ்திரேலியாவின் மஞ்சள். மாமா ஆசையாக வாங்கி வைத்திருந்த நீலச் சட்டை கட்டிலில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. “அப்பா வருத்தப்படுவாரு” என்றேன். “அப்பாதான் வரலியே” என்றாள்.

ரயிலில் மஞ்சளும் நீலமுமாக மூச்சு விட இடமில்லை. பாட்டு, கத்தல், முகத்தில் பெயின்ட். எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் சந்தோஷமான கூட்டம் ஓட ஆரம்பிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு வார்த்தை கத்தினால் போதும். கதவு எந்தப் பக்கம் திறக்கும், மேடு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். மதுவின் செல்போனை வாங்கி என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். கூட்டத்தில் யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்று பயம்.

தினமும் இறங்கும் அதே வெளிப்பிளாட்பாரம். ஆனால் அது என் பிளாட்பாரமாகத் தெரியவில்லை. இறங்கியதும் மதுவை ஒரு தூணின் பக்கம் இழுத்து நிறுத்தினேன்.

“தோ பாரு. கை வுட்டுப்போச்சுன்னா இந்தத் தூண்கிட்ட வந்து நிக்கணும். இதான் நமக்குச் செருப்பு வுட்ட எடம். தெரிஞ்சிதா?”

“அம்மா, ப்ளீஸ். எல்லாரும் பாக்குறாங்க.”

“எங்க நிக்கணும்? சொல்லு.”

“தூண்கிட்ட” என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஆட்டத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது, நான் பார்க்கவில்லை. மது குதித்தபோதெல்லாம் அவள் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். யார் ஜெயித்தார்கள் என்பதுகூட மறுநாள் வேலையில் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நடுவில் அவள் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, “தேங்க்ஸ்மா” என்றாள். அந்த ஒரு நிமிடம் எனக்குப் பயம் இல்லை.

5

ஆட்டம் முடிந்து நிலையத்தை நோக்கி நடந்தோம். நடந்தோம் என்பது தப்பு, எங்களை நகர்த்தினார்கள். நிலையத்துக்கு வெளியே கூட்டத்தைக் கட்டம் கட்டமாக நிறுத்திவைத்திருந்தார்கள். ஒரு ரயிலுக்கு எத்தனை பேர் கொள்ளுமோ அத்தனை பேரை விட்டு, நடுவில் ஒரு கயிற்றைப் பிடித்து மற்றவர்களை நிறுத்துவார்கள். பாதுகாப்புக்குத்தான். நெரிசல் வரக்கூடாது என்பதற்காகத்தான்.

நான் மதுவின் கையைப் பிடித்திருந்தேன். அவள் ஒரு அடி முன்னால். யாரோ ஒருவன் எங்கள் நடுவில் கொடியை ஆட்டிக்கொண்டு புகுந்தான். ஒரு வினாடி கையை விட்டேன். கயிறு வந்துவிட்டது. அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

“அம்மா!”

“என் பொண்ணு! என் பொண்ணு!” என்று தமிழில்தான் கத்தினேன். கயிற்றைப் பிடித்திருந்த பையன் கையைக் காட்டிப் பொறுமையாக இருக்கச் சொன்னான். மஞ்சள் சட்டை ஒரு தடவை திரும்பியது. அப்புறம் எல்லாம் மஞ்சள் சட்டை. “தூண்கிட்ட நில்லு!” என்று கத்தினேன். அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது.

போன் ஞாபகம் வந்தது. அவள் எண்ணை அழுத்தினேன். என் கைப்பைக்குள்ளிருந்தே அவள் போன் பாட ஆரம்பித்தது. எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. அது பாடி ஓயும் வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

கயிற்றை எடுத்ததும் எல்லாரும் நடுப்பிளாட்பாரத்துக்குப் போனார்கள். நான் மட்டும் பக்கவாட்டில் முண்டிக்கொண்டு வெளிப்பிளாட்பாரத்துக்கு ஓடினேன். தினமும் போகிற வழி, கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன். ஆனால் அங்கே கம்பிக் கதவு பூட்டிக் கிடந்தது. மேட்ச் நாளில் வெளிப்பக்கம் இறங்குவதற்கு மட்டும்தான். ஆட்டம் முடிந்ததும் அதைப் பூட்டிவிட்டு, எல்லாரையும் நடுப்பக்கத்திலிருந்துதான் ஏற்றுவார்கள். வருகிறவர்களும் போகிறவர்களும் மோதிக்கொள்ளக் கூடாதே. ஏழு வருடம் வந்து போன நிலையத்தில் எனக்கு இது தெரியவில்லை. மேட்ச் நாளில் வந்தால்தானே தெரியும்?

கம்பி வழியே பார்த்தேன். தூண் தெரிந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

அப்போதுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. இங்கே வர முடியாமல் எங்கே முட்டிக்கொண்டிருக்கிறாளோ? தண்டவாளத்தைத் தாண்டி வரப் பார்ப்பாளோ? அவள் செய்வாள். ஐந்து வயதில் கடலைப் பார்த்து நடந்தவள். நான் நில்லென்று சொன்ன இடத்துக்கு வழியில்லை என்றால் வழி உண்டாக்கிக்கொண்டாவது வந்து நிற்பாள். நடுப்பிளாட்பாரத்துக்கும் தூணுக்கும் நடுவே அந்தத் தண்டவாளம் ஒன்றுதான் இருக்கிறது. ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு ரயிலின் ஹார்ன் சத்தத்துக்கும் என் உயிர் போய் வந்தது.

ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட ஊழியப் பெண் ஒருத்தி வந்து, இந்த வழி மூடியிருக்கிறது, அந்தப் பக்கம் போங்கள் என்றாள். என் மகள் இங்கேதான் வருவாள் என்றேன். இங்கே யாரும் வர முடியாது என்றாள். வருவாள், அது எங்கள் வழக்கம் என்றேன். வழக்கம் என்பதற்கு ஆங்கிலத்தில் எனக்குக் கிடைத்தது சட்டம் என்று பொருள்படும் வார்த்தை. குடும்பச் சட்டமா என்று அவள் முகம் மாறியது. விவாகரத்து, பிள்ளை யாரிடம் என்கிற வில்லங்கம் என்று நினைத்திருப்பாள்.

நல்லவள்தான். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், கேள்வி கேட்டாள். உயரம் எத்தனை சென்டிமீட்டர்? என் தலைக்கு மேலே கையைக் காட்டினேன். அடையாளம்? தலைமுடியைக் கட்டியிருக்கிறாள். சட்டை? நான் சொல்வதற்கு முன்பே அவள் ரேடியோவில் நீலச் சட்டை என்று சொல்லிவிட்டாள். “இல்லை, மஞ்சள், மஞ்சள்” என்று கையைப் பிடித்து இழுத்தேன். ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுத் திருத்திச் சொன்னாள். போட்டோ இருக்கிறதா என்று கேட்டாள். பர்சிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஐந்து வயதில், பொட்டு வைத்துக்கொண்டு, காது தெரியச் சிரிக்கிற போட்டோ. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அப்புறம் காத்திருந்தேன். கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. கூட்டத்தைக் கண்டு அத்தனை வருடம் பயந்த நான், அது குறையக் குறையப் பயந்தேன். இத்தனை பேர் போன பிறகும் அவள் வரவில்லையே. தில்லையில் இருக்கிற அத்தனை சாமியையும் கூப்பிட்டேன். ‘அவள் நிற்கக்கூடாது, எங்கேயும் நிற்கக்கூடாது, நான் சொன்னதைக் கேட்கக்கூடாது’ என்று வேண்டிக்கொண்டேன். எந்தத் தாயும் இப்படி வேண்டியிருக்க மாட்டாள்.

ரேடியோ கரகரத்தது. ஆரஞ்சுச் சட்டைக்காரி காதில் வைத்துக் கேட்டாள். முகம் மலர்ந்தது. “மஞ்சள் சட்டைப் பெண் ஜங்ஷனில் இருக்கிறாள். அவளுடைய அம்மாவைக் காணவில்லை என்று சொல்கிறாளாம்” என்றாள்.

6

நடுப்பிளாட்பாரத்தில் என்னை ஏற்றிவிட்டார்கள். ரயிலில் எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெரிய மீசைக்காரர், முகமெல்லாம் மஞ்சள் பெயின்ட் பூசியவர், நான் அழுவதைப் பார்த்துவிட்டு, ‘விடுங்கள், அடுத்த ஆட்டத்தில் இந்தியா பார்த்துக்கொள்ளும்’ என்று ஆறுதல் சொன்னார்.

ஜங்ஷனில் கதவு திறந்ததும் மதுவைப் பார்த்தேன். ஊழியர் ஒருவரோடு நின்று, சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அடுத்த நொடி முதுகில் ஒரு அடி வைத்தேன். அந்த ஊழியர் பதறி ஒரு அடி முன்னால் வந்தார்.

“இட்ஸ் ஓகே, ஷீ இஸ் ஜஸ்ட் ஸ்கேர்ட்” என்று அவரிடம் சொன்னாள் மது. எனக்காக அவள் சமாதானம் சொல்கிறாள்.

“ஏன்டி தூண்கிட்ட வரல?”

“அந்தப் பக்கம் கேட்டு பூட்டியிருந்திச்சும்மா. எல்லாரும் ட்ரெயின்ல ஏறுனாங்க, நானும் ஏறிட்டேன். இங்கதான நாம எறங்கணும்? எறங்கி, இந்த அங்கிள் கிட்டச் சொன்னேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள். “நீ ஏம்மா அங்கயே நின்ன?”

“நீ வருவன்னுதான்.”

“நான் வரமாட்டேம்மா” என்றாள், மிகச் சாதாரணமாக. “அந்தப் பக்கம் யாருமே போகல இல்ல? யாரும் போகாத பக்கம் நான் ஏன் போவேன்?”

டாக்டர் வீட்டுப் படியை அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அவளுக்கு அது ஞாபகம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஞாபகம் வைத்துக்கொண்டிருப்பது நான் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் மாமா கதவைத் திறந்தார். “இன்னாடா, மேட்ச் எப்படி?” என்றார்.

“சூப்பர்ப்பா. ஆனா அம்மா தொலஞ்சி போயிட்டாங்க” என்று சொல்லிவிட்டு மது குளிக்கப் போனாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். குக்கரை அடுப்பில் ஏற்றினேன், வெங்காயம் நறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிட்டான். மாமா அதற்குள் அவனிடம் கதையை அளந்துவிட்டிருந்தார். சிரிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறான். என் குரலைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

“இன்னா தேவி இது? அழுவுறியா? அதான் பொண்ணு பத்திரமா வந்துட்டாளே. புத்தியாத்தான நடந்துக்கிட்டிருக்கா? நீ சொல்லிக்குடுத்த எடத்துல போயி நின்னிருந்தாதான் பேஜாரு.”

“ஆமாண்ணே. நிக்கக்கூடாதுன்னுதான் நானும் வேண்டிக்கிட்டேன்.”

“அப்பறம் இன்னா?”

மது பக்கத்து அறையில் யாரிடமோ போனில் ஆங்கிலத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“இத்தினி நாளா அவ தொலஞ்சிட்டா எங்க போயித் தேடணும்னு எனக்குத் தெரியும்ண்ணே” என்றேன். “இனிமே தெரியாது.”